மலைச்சாரலில் மனை

உண்ண உணவும், உடுக்க உடையும், உறைய இல்லமும் மாந்தர்க்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவு நாள்தோறும் மாறும். உடை ஆண்டுதோறும் மாறும். இல்லமோ பெரும்பாலும் ஒரு வாழ்நாளில் ஒரு முறையே அமைவது. அவ்வில்லத்தை மலைச்சாரலில் அமைத்தல் அதனினும் அரிய செயல். சமவெளியில் வீடு கட்டுவோன் பிழை செய்தால் அப்பிழையோடு வாழ்ந்துவிடலாம்; சுவரில் வெடிப்புக் காணும், தரை சற்றே தாழும், அவ்வளவே. செங்குத்தான சரிவில் வீடு கட்டுவோன் பிழை செய்தால், ஒரு மழை இரவில் மலையே வந்து அப்பிழையைத் திருத்திவிடும்.

ஆயினும் மலைமேல் வாழும் ஆசை மக்களை விட்டு நீங்குவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை இருப்பூர்தி 46 கிலோமீட்டர் தொலைவு ஊர்ந்து, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தை அடைகின்றது. பாக்குத் தோப்புகளும் மூங்கிற் புதர்களும் கீழே நின்றுவிடுகின்றன. தேயிலையும் தைல மரமும் எதிர்கொள்கின்றன. பலகணி ஓரத்தில் அமர்ந்த பயணி ஒருவன், எதிர்மலையின் தோளில் வெண்முகில் படிந்திருப்பதையும், அம்முகிலின் கீழ் ஒரு சிறு வீட்டின் சிவந்த ஓடு வெயிலில் ஒளிர்வதையும் கண்டால், "இத்தகைய வீடு ஒன்று நமக்கும் வாய்க்காதா?" என்று ஏங்காதிரான். அவ்வேக்கம் இயல்பானதே. ஆனால் அவன் காண்பது வீட்டின் முகத்தை. அவ்வீட்டின் முதுகுக்குப் பின்னே மலை எவ்வாறு நிற்கின்றது என்பதை அவன் காண்பதில்லை. மலைவீட்டின் கதை முழுவதும் அம்முதுகுப்புறத்திலேதான் இருக்கின்றது.

தமிழர் மலையை வேறுபாடற்ற ஒரு பொருளாகக் கருதினாரல்லர். அதன் உச்சியைச் சிமையம் என்றனர். திரண்ட முடியைக் குவடு என்றனர். அடுக்கடுக்காக எழும் பக்கத்தை அடுக்கம் என்றும், சரிந்து இறங்கும் பக்கத்தைச் சாரல் என்றும், பாறைப் பிளவை விடர் என்றும் வழங்கினர். இச்சொற்கள் பாட்டின் சுவைக்கு மட்டும் உரியன என்று எண்ணுதல் தவறு. சிமையத்தில் காற்று மிகுதி. விடரில் நீர் மிகுதி. அடிவாரத்திலோ மேலிருந்து வருவன எல்லாம் வந்து சேரும். வீடு கட்டப் புகுவோன் தன் நிலம் இவற்றுள் எதுவென்று முதற்கண் அறிதல் வேண்டும். நிலத்தின் நீள அகலங்கள் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். இவ்வியல்பு அதில் எழுதப்பட்டிராது.

நீலகிரியில் பன்னெடுங் காலமாக வாழ்ந்துவரும் மக்கள் இதனை ஏட்டுக் கல்வி இன்றியே அறிந்திருந்தனர். தோடர் தம் குடில்களைப் புல்வெளி மேடுகளில் அமைத்தனர். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்த அக்குடில், பாதி புதைந்த பீப்பாயைப் போன்ற வடிவுடையது. அதன் வாயில் மிகச் சிறிது. தவழ்ந்தே உள்ளே செல்ல வேண்டும். குளிரை வெளியே நிறுத்த இதனினும் எளிய வழி இல்லை. படகர் தம் ஊர்களாகிய அட்டிகளை மென்சரிவான மேடுகளில், முன்றில் விட்டு, வரிசை வரிசையாக அமைத்தனர். வீடுகளின் வரிசை மலையின் குறுக்கே ஓடுமேயன்றிச் சரிவை நோக்கிக் கீழே இறங்குவதில்லை. இச்சிறு செய்தியை நினைவிற் கொள்ளுதல் நலம். இதன் பயன் பின்னர் விளங்கும்.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் என்னும் ஆங்கிலேயர் 1822-ஆம் ஆண்டில் உதகையில் கல்லால் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். படகர் அதனைக் 'கல் பங்களா' என்றனர். அவர் விரும்பிய இடத்தைத் தேர்ந்துகொள்ள அன்று தடை ஒன்றும் இல்லை; மலையில் வீடுகள் அடர்ந்திருக்கவில்லை. இன்றைய நிலை அதுவன்று. நல்ல மேடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன. எஞ்சியவை பெரும்பாலும் முன்னோர் வேண்டாவென்று விட்ட செங்குத்தான சரிவுகளே. விலை குறைவென்று அவற்றை வாங்குவோர், அவ்விலை ஏன் குறைந்தது என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நன்று.

மலைச்சரிவு எதனால் நிற்கின்றது? எதனால் வீழ்கின்றது? இவ்வினாவிற்கு விடை காண மாணவர் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் உலர்ந்த மணலைக் குவித்தால், அஃது ஓரளவு சரிவோடு நின்றுவிடும். அதற்கு மேல் செங்குத்தாக நில்லாது. அம்மணலில் சிறிது நீர் தெளித்துப் பிசைந்தால் செங்குத்தான சுவரே எழுப்பலாம். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் கோட்டைகள் அவ்வாறு எழுந்தனவே. அம்மணற்சுவரின்மேல் மேன்மேலும் நீரை ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு கட்டம் வரையில் நிற்கும். பின்னர்த் திடீரெனக் குழைந்து ஓடிவிடும். ஈரம் சிறிதாயின் மணலைப் பிணைக்கின்றது. மிகுதியாயின், மணலின் இடைவெளிகளில் நிறைந்து, ஒரு துகளை மற்றொரு துகளிலிருந்து விலக்கித் தள்ளுகின்றது. துகள்களுக்கு இடையேயுள்ள உராய்வு குறைகின்றது; அதே வேளையில் மண்ணின் எடை கூடுகின்றது. பிடி தளர்ந்து, சுமை மிகுந்தால் வீழ்ச்சியன்றி வேறு யாது நிகழும்?

நீலகிரியின் அடியில் கிடப்பது உறுதிமிக்க சார்னோக்கைட்டுப் பாறை. ஆனால் பல இடங்களில் அப்பாறையின் மேற்பகுதி மழையாலும் வெப்பத்தாலும் நெடுங்காலம் சிதைந்து, பல மீட்டர் ஆழத்திற்குச் செம்மண்ணாக மாறியிருக்கின்றது. கோடையில் அம்மண் கல்போல் இறுகி நிற்கும். கடப்பாரைகூட இறங்க மறுக்கும் அம்மண்ணைக் கண்டு, "இதனினும் உறுதியான நிலம் உண்டோ?" என்று வீடு கட்டுவோன் மகிழ்வான். அவன் கண்டது கோடை மலையை. மழைக்கால மலையை அவன் இன்னும் கண்டிலன்.

2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நீலகிரி மக்கள் அதனைக் கண்டனர். நவம்பர் 10-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தி என்னும் ஊரில் மட்டும் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. சென்னை நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரே என்பதை எண்ணினால் அம்மழையின் கொடுமை விளங்கும். மண்சரிவுகள் பல இடங்களில் நிகழ்ந்தன. சாலைகளும் இருப்புப்பாதையும் அறுந்தன. 40-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் தம் வீட்டுக்குள்ளேயே மண்ணால் மூடப்பட்டனர். இதற்கு முன்னர், 1993-ஆம் ஆண்டு நவம்பரிலும், குன்னூருக்குக் கீழேயுள்ள மரப்பாலம் அருகே மலை சரிந்து உயிர்களைக் கொண்டது. இத்தகைய சரிவுகளில் மழையைக் குறைகூறுதல் எளிது. ஆனால் வீட்டுக்காகவும் சாலைக்காகவும் மலையின் அடியைச் செங்குத்தாக வெட்டிவிட்ட இடங்களும், இயற்கை ஓடைகளை மண்ணிட்டு மூடிய இடங்களும் மழையின் முதல் அடிக்கே இளகிவிடுகின்றன என்பது ஆய்ந்தோர் பலகாலும் கண்டறிந்த உண்மை.

ஆகவே, மலைவீட்டின் வரைபடம் தாளில் தொடங்குவதன்று, நிலத்தில் தொடங்குவது. நிலத்தை ஒருமுறை கோடையிலும், ஒருமுறை நல்ல மழையிலும் நடந்து பார்க்க வேண்டும். மழையில் நடப்பதே முதன்மையானது. நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே தேங்குகின்றது, எவ்வழியே போகின்றது என்பவற்றை அப்போதுதான் அறிய இயலும். மரங்களின் அடிப்பகுதி சரிவை நோக்கி வளைந்து பின் நிமிர்ந்திருந்தால், அங்கே மண் மெல்ல மெல்ல நகர்கின்றது என்று ஐயுறலாம். நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு இருந்தால், மலை அவ்விடத்தில் தளர்ந்துவிட்டது என்று அறியலாம். முன்பு இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றுத் தோன்றியிருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். தன் நிலத்தை மட்டும் பார்த்துத் திரும்புதலும் போதாது. மேலேயுள்ள மலை முழுவதையும் நிமிர்ந்து நோக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் கேரளத்தின் வயநாட்டில், மலையின் மேற்பகுதியில் பெயர்ந்த மண்ணும் பாறையும் ஆற்றின் வழியே இறங்கி, முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்களை அழித்தன. 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தம் வீட்டு நிலத்தில் யாதொரு குறையும் இல்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர். சில நிலங்களில் வீடு கட்டாமல் விடுதலே சிறந்த அறிவாகும். கற்றறிந்த கட்டடக் கலைஞன் ஒருவன் சொல்லக்கூடிய சொற்களுள் மிகக் கடினமானதும், மிக அரிதாகச் சொல்லப்படுவதும் அச்சொல்லே.

நிலம் தகுதியுடையதென்று தெளிந்தபின், அதனை அளந்து சமவுயரக் கோடுகள் வரைவர். ஒரே உயரத்திலுள்ள இடங்களை எல்லாம் இணைக்கும் கோடு சமவுயரக் கோடு எனப்படும். கோடுகள் நெருங்கி நின்றால் சரிவு செங்குத்து. அகன்று நின்றால் சரிவு மென்மை. மலையின் கைரேகை அது. அதனைப் படிக்கத் தெரிந்தவனுக்கு வீட்டின் வடிவம் பாதி தோன்றிவிடும்.

ஒரு கணக்கைக் காண்போம். நிலம் 30 பாகைச் சரிவுடையது என்க. அதில் 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீடு கட்ட வேண்டும். வீட்டின் நீளம் சரிவை நோக்கி இறங்குமாறு அமைத்தால், மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 5.8 மீட்டர். அஃதாவது, ஈரடுக்கு மாடி ஒன்றின் உயரம். அவ்வீட்டையே திருப்பி, அதன் நீளம் சமவுயரக் கோட்டின் வழியே கிடக்குமாறு அமைத்தால், வேறுபாடு 2.9 மீட்டராகக் குறைந்துவிடும். வீடு அதே வீடு. அறைகள் அதே அறைகள். திருப்பி வைத்த அளவிலேயே மலையை வெட்டும் ஆழம் பாதியாகிவிட்டது. படகர் அட்டிகளில் வீட்டு வரிசைகள் மலையின் குறுக்கே ஓடியதன் பயன் இப்போது விளங்கும்.

வெட்டும் ஆழம் பாதியானால் ஆபத்தும் பாதியாகும் என்று எண்ண வேண்டா. அதனினும் மிகுதியாகக் குறையும். வெட்டிய மண் சரியாமல் காக்கத் தடுப்புச் சுவர் எழுப்புகின்றோம். அச்சுவரை மண் தள்ளும் விசை, சுவரின் உயரத்தைப்போல் வளர்வதன்று. உயரத்தின் இருபடியாக வளர்வது. சுவரின் உயரம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே, உயரமான ஒரு சுவரினும் தாழ்வான இரு சுவர்களை, இடையே போதிய படிவெளி விட்டு அமைத்தல் நன்று. மலைநாட்டு உழவர் படிப்படியாக வயல் அமைத்த முறையும் இதுவே. கணக்கு அறியாத உழவன் கைப்பழக்கத்தால் கண்டதைக் கணக்கு அறிந்தவர் பின்னர் மெய்ப்பித்தனர்.

வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டி, நிலத்தை அகலப்படுத்தி, அதன்மேல் வீட்டின் ஒரு பாதியை நிறுத்துவோர் உளர். இதனினும் கேடான வழக்கம் வேறில்லை. வெட்டப்பட்ட பகுதியில் உள்ளது மலையின் பழைய மண். கொட்டப்பட்ட பகுதியில் உள்ளதோ நேற்றைய மண். வீட்டின் ஒரு கால் கல்லிலும் மறு கால் சேற்றிலும் நிற்பது போன்றது அது. சில ஆண்டுகளில் கீழ்ப்பாதி தாழ்ந்து, வீட்டின் நடுவே வெடிப்பு ஓடும். அறிவுடைய கொத்தனார் வானம் தோண்டும்போது, கொட்டிய மண்ணைக் கடந்து, அடியிலுள்ள உறுதியான மண்ணையோ பாறையையோ கடைக்கால் தொடும்வரை ஓயார்.

வேறு வழியும் உண்டு. மலையை வெட்டி வீட்டுக்கு ஏற்றதாக ஆக்காமல், வீட்டை மடித்து மலைக்கு ஏற்றதாக ஆக்கலாம். சாலை மேற்புறத்தில் இருந்தால், வாயிலும் வரவேற்பு அறையும் மேல்தளத்தில் அமையும். அங்கிருந்து ஆறேழு படிகள் இறங்கினால் உணவறை. இன்னும் ஆறேழு படிகள் இறங்கினால் படுக்கையறைகள். சமவெளியில் விருந்தினர் மேலேறி மாடிக்குச் செல்வர்; இங்கோ கீழிறங்கிச் செல்வர். ஓர் அறையின் கூரை மற்றோர் அறைக்கு முற்றமாகிவிடும். முன்னறையின் தலைக்கு மேலாகப் பின்னறை நோக்கும் ஆதலின், எல்லா அறைகட்கும் மலைக்காட்சி கிட்டும். சரிவு மிகுதியாயின், முன்பகுதியைத் தூண்களின்மேல் நிறுத்தி, மலைநீர் அதன் அடியிலேயே தடையின்றி ஓடுமாறு விடுவதும் உண்டு. ஆனால் வீட்டில் முதியோர் இருப்பின் அவர்க்குரிய அறையை வாயிலின் தளத்திலேயே அமைத்தல் வேண்டும். காட்சியைக் கருதிக் கட்டிய படிகளைக் காலம் சென்றபின் ஏற இயலாமல் ஓரறையிலேயே அடைபட்டுக் கிடக்கும் முதியோர் மலையூர்களில் பலர்.

இனி, தடுப்புச் சுவரைப் பற்றி ஒரு செய்தி. கருங்கல்லால் மிகப் பருமனாகக் கட்டிய சுவரும் சில வேளைகளில் வயிறு புடைத்து வெடிப்பதைக் காண்கின்றோம்; மெல்லிய பழஞ்சுவரோ அருகில் அசையாமல் நிற்கும். காரணம் யாது? பழஞ்சுவர் சாந்து பூசாமல் அடுக்கியது. அதன் இடுக்குகளின் வழியே நீர் வெளியேறிவிடுகின்றது. புதுச்சுவர் சிமெண்டால் இறுக மூடப்பட்டது. அதன் பின்னே நீர் தேங்குகின்றது. ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். மண்ணைத் தாங்குவதற்கென்று கட்டிய சுவர், மண்ணோடு ஓர் ஏரியையும் தாங்க வேண்டியதாகின்றது. இதற்காகவே சுவரில் வரிசையாக நீர்க்கசிவுத் துளைகள் விடுவர். அத்துளைகளுக்குப் பின்னே சரளைக்கல் நிரப்புவர். அவை அழகைக் கெடுக்கின்றன என்று கூறி, வண்ணம் பூசும்போது அவற்றைச் சாந்திட்டு அடைத்துவிடும் வீட்டுக்காரரும் இருக்கின்றனர். மூக்கை அடைத்துவிட்டு முகத்திற்குப் பொடி பூசுவதை ஒக்கும் அச்செயல்.

வீட்டின் மேற்புறத்தில், சற்றுத் தொலைவில், மலையின் குறுக்கே ஒரு வடிகால் அமைத்தல் இன்றியமையாதது. மேலிருந்து ஓடிவரும் நீர் வீட்டை அடையுமுன் அதனைப் பிடித்து, இருமருங்கும் திருப்பி, இயற்கை ஓடையிற் சேர்ப்பது அதன் தொழில். கூரைநீரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கேத்தியில் பெய்தது போன்ற மழை 100 சதுர மீட்டர்க் கூரையின்மேல் பெய்தால், ஒரே நாளில் 82,000 லிட்டர் நீர் அதிலிருந்து இறங்கும். அந்நீர் முழுவதும் வீட்டின் முன்னே மண்ணில் விழுந்து ஊறினால், வீட்டுக்காரன் தன் கடைக்காலைத் தானே கரைத்தவன் ஆவான். கூரைநீர் குழாய்வழியே தொட்டியிற் சேர வேண்டும். தொட்டி நிரம்பி வழிவது கற்பாவிய காலின் வழியே ஓடை சேர வேண்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியும் அவ்வாறே. சமவெளியில் அதற்கு இடம் தேர்தல் எளிது. சரிவிலோ அது நாள்தோறும் மலைக்குள் நீரை ஊட்டும் ஊற்றாகிவிடும். அதனை வீட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் மேலே ஒருபோதும் அமைத்தலாகாது.

இத்துணையும் செய்தபின்னரே பலகணியைப் பற்றிப் பேசும் உரிமை பிறக்கின்றது. காட்சிக்காகத்தான் மலையேறினோம், ஆயினும் காட்சி வரும் வழியேதான் காற்றும் மழையும் வரும். நீலகிரியின் மேற்குப் பகுதிகளில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை அறைந்து பெய்யும். கிழக்கிலுள்ள குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை மிகுதி. குன்னூர்ச் சரிவில் நின்றால் கீழே கோயம்புத்தூர்ச் சமவெளி விரிந்து கிடக்கும் காட்சி எத்துணை அழகிதோ, அத்துணைக் கடுமையாக ஐப்பசி, கார்த்திகை மழை அச்சரிவைத் தாக்கும். சுவர் முழுவதையும் கண்ணாடியாக்கினால் பகலில் கண்ணுக்கு விருந்து. இரவிலோ அறையின் வெப்பம் எல்லாம் அக்கண்ணாடி வழியே வெளியேறிவிடும். உதகையில் மார்கழி, தை இரவுகளில் உறைபனி படிவதுண்டு. எனவே பெரிய பலகணியைப் பகலில் அமரும் அறைக்கும், சிறிய பலகணியைப் படுக்கையறைக்கும் வைத்தலே அறிவுடைமை. குளிர்காலக் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தென்கிழக்கு நோக்கிய பலகணி காலைக் கதிரை உள்ளே அழைத்து வந்து தரையைச் சூடேற்றும். மேலும், ஒரு சட்டத்திற்குள் அடங்கிய மலையே நெடுநாள் இன்பம் தருவது. எப்போதும் எங்கும் கண்முன் நிற்கும் மலையைச் சில திங்களில் கண் காணாதொழியும்.

காட்சியை எங்ஙனம் கையாளுவது என்பதற்கு உலகப் புகழ் பெற்ற இல்லம் ஒன்று அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கின்றது. பிட்ஸ்பர்க் நகர வணிகர் காஃப்மன் என்பார்க்கு மலைக்காட்டில் ஓர் ஓடையும் அருவியும் உடைய நிலம் இருந்தது. அருவியைக் கண்டு மகிழ ஒரு விடுமுறை இல்லம் வேண்டுமென்று அவர் ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக் கலைஞரை நாடினார். அருவிக்கு எதிரே வீடு அமையும் என்று எல்லோரும் எண்ணியிருக்க, ரைட் 1935-ஆம் ஆண்டில் வரைந்த படத்தில் வீடு அருவியின் மேலேயே நின்றது. நாள்தோறும் எதிரே காணும் அருவி பழகிப் போகும். காலடியில் ஓடி ஓயாது ஒலிக்கும் அருவியோ வாழ்க்கையோடு கலந்துவிடும் என்பது அவர் கருத்து. அவ்விடத்திலேயே வெட்டியெடுத்த மணற்கல்லால் சுவர்கள் எழுந்தன. நிலத்திற் கிடந்த பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்காமல், அதன்மேலேயே கணப்படுப்பை அமைத்தார். கான்கிரீட்டுத் தளங்கள் ஒரு முனையில் மட்டும் பற்றுக்கோடு கொண்டு, மறுமுனை வெறுவெளியில் நீண்டு, ஓடையின்மேல் நின்றன. 1937-ஆம் ஆண்டில் முடிவுற்ற அவ்வில்லம் ஃபாலிங்வாட்டர் எனப் பெயர் பெற்றது. 2019-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஆனால் அவ்வில்லத்தின் கதை அத்துடன் முடியவில்லை. நீண்டு நின்ற தளங்களின் வலிமையைப் பற்றிக் கட்டும்போதே பொறியாளர் ஐயுற்றனர். ரைட்டோ அதனை ஏற்க மறுத்துச் சினந்தார். அவர் வகுத்ததினும் மிகுதியான இரும்புக் கம்பிகள் இடப்பட்டன. அங்ஙனம் இட்டும், தாங்கு முட்டுகளை எடுத்த நாள் முதலே தளம் தாழத் தொடங்கிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல, அத்தாழ்வு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அளவை எட்டியது. 2002-ஆம் ஆண்டில் உருக்கு வடங்களைத் தளத்தின் உள்ளே செலுத்தி, இறுக இழுத்துக் கட்டி அதனை நிலைநிறுத்தினர். பேரறிஞர் ஒருவரின் கற்பனை பொறியாளரின் எளிய கணக்கை மதியாமற் போனதற்கு ஏறத்தாழ 65 ஆண்டுகட்குப் பின் பிறர் விலை கொடுத்தனர். ஆயினும் ரைட் இடத்தைக் கண்ட கண் பெரிது என்பதில் ஐயமில்லை.

அவரினும் அடக்கமான வழியில் சென்றவர் லாரி பேக்கர். 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1945-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்து, இமயமலையில் பித்தோராகட் பகுதியில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். மலைவாழ் மக்கள் தம் காலடியிலுள்ள கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டே குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகள் கட்டுவதை அங்கே கண்டார். கட்டடக் கல்லூரியில் கற்றதினும் மிகுதியாக அவர்களிடம் கற்றதை அவர் மறைத்தாரல்லர். பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில், பாறைகள் நிறைந்த செங்குத்தான சரிவு ஒன்றில் தம் இல்லத்தைச் சிறிது சிறிதாகக் கட்டி வளர்த்தார். பாறை குறுக்கிட்ட இடத்தில் சுவர் வளைந்தது; மரம் குறுக்கிட்ட இடத்தில் அறை ஒதுங்கிற்று. 2007-ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார்.

சரிவிலுள்ள மரங்களைக் காட்சிக்குத் தடையென்று வெட்டிவிடுவோர், தம் வீட்டின் ஆணிகளைத் தாமே பிடுங்குகின்றனர். வேர்கள் மண்ணைத் தைத்து நிற்பவை. வெட்டிய மரத்தின் வேர் உடனே வலியிழப்பதில்லை; சில ஆண்டுகளில் மக்கிய பின்னரே பிடி விடும். அதனால், மரத்தை வெட்டியதற்கும் மலை சரிந்ததற்கும் உள்ள தொடர்பைப் பலர் உணர்வதில்லை. காட்சி வேண்டுவோர் கிளைகளைக் கழிக்கலாம், மரத்தைக் கழித்தலாகாது. வெறுமையான இடங்களில் ஆழ வேரோடும் வெட்டிவேர் போன்ற புல்வகைகளை வரிசையாக நடுவதும் நற்பயன் தரும்.

தமிழ்நாட்டில் மலை நகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் 1993-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. விதி என்றாலே தடை என்று முகம் சுளிப்போர் உண்டு. மலையில் ஒருவன் வீடு அவன் ஒருவனுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சமவெளியில் அடுத்த வீடு பக்கத்தில் இருக்கும். மலையில் அடுத்த வீடு காலடியில் இருக்கும். மேல்வீட்டான் கொட்டிய மண் கீழ்வீட்டான் கூரையின்மேல் நிற்கின்றது. மேல்வீட்டான் திருப்பிவிட்ட நீர் கீழ்வீட்டான் சுவரில் ஊறுகின்றது. மேலே காட்சிக்காகக் கட்டிய மாளிகை; கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள். மாளிகைக்கு உரியவர் ஆண்டில் பத்து நாள் வந்து தங்குவார். மழைக்காலத்தில் பெரும்பாலும் அவர் ஊரில் இரார். அப்பொழுது அம்மண்ணின் கீழே உறங்குவோர், அம்மாளிகையின் பலகணி வழியே மலையை ஒரு நாளும் கண்டிராதவர்.

மலையூரில் நெடுநாள் வாழ்ந்து பழகியவரை ஐப்பசி மழையின் முதல் நாளில் எளிதில் இனங்கண்டு கொள்ளலாம். புதியவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கண்ணாடிப் பலகணியின் அருகே தேநீருடன் அமர்ந்து, முகில் இறங்கும் அழகைக் காண்பார். பழகியவரோ தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, கையில் மண்வெட்டியுடன், வீட்டின் முதுகுப்புறம் செல்வார். வடிகாலில் அடைத்த தைல இலைகளை வாரி எறிவார். தடுப்புச் சுவரின் துளைகளுள் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்ப்பார். துளைகளிலிருந்து நீர் தெளிவாக வழிந்தால் நிறைவோடு திரும்புவார். கலங்கலாக வழிந்தால், அன்றிரவு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவார்.